ஓணான் குளிர்காய்ந்த பெட்டி

மூங்கிலாற்றங்கரையில் ஒரு நீர்நாய் இருந்தது. கயலி என்று பேர். கரை மண்ணைக் குடைந்து வளை செய்து அதில் குடியிருந்தது. போன மழையில் வெள்ளம் சொல்லாமல் வந்து அதன் முதல் ஈற்றுக் குட்டிகளை அள்ளிக்கொண்டு போனது. நீர்நாய்க் குட்டிதானே, நீந்தாதா என்று கேட்காதீர்கள். பிறந்த புதிதில் அதற்கும் தண்ணீர் எமன்தான்.  அந்த வலி கயலிக்கு ஆறவேயில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் காட்டுக்குத் தலைவரான கரடியார், மேட்டுப் பாறையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வைக்க ஏற்பாடு செய்தார். மலையில் பெய்கிற மழையைக் கணக்குப் போட்டு, வெள்ளம் வருமுன்னே அது சங்கு ஊத வேண்டும். வெயிலில் மின்சாரம் பிடிக்க ஒரு தகடு, அதைச் சேர்த்துவைக்க ஒரு பேட்டரி. கணக்குப் போட ஒரு கணினிச் சில்லு மட்டும்தான் பாக்கி.

மரங்கொத்தி ஒரு சில்லைக் கொத்திக் கொண்டுவந்தது. கறையான் ஒன்றை அரித்துக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

"என் சில்லுல மின்சாரம் ஓடுற கோட்டைப் பாருங்க. பூனை மயிரைப் பத்தாக் கிழிச்ச மாதிரி சன்னம். அண்ணன் கொத்தினது வண்டிப்பாதை," என்றது கறையான்.

"வாயை அடக்கு. நான் நினைச்சா நீ எனக்குக் காலைப் பலகாரம்," என்றது மரங்கொத்தி.

"சண்டை எதுக்கு? பந்தயம் வெச்சுப் பார்த்துடுவோம்," என்றார் கரடியார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிவேளையில் பந்தயம் நடந்தது. இரண்டு சில்லுக்கும் ஒரே கணக்கு. கரடியார் ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் கறையானின் சில்லு விடை சொல்லிவிட்டது. மரங்கொத்தியின் சில்லு சொன்னபோது பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. விடை என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

கயலி மட்டும் கேட்டது. "ஐயா, அதே கணக்குக்கு எது எவ்வளவு மின்சாரம் தின்னுச்சு?"

"வெயிலுக்கா பஞ்சம்? தின்னா தின்னுட்டுப் போகட்டும்!" என்றார் கரடியார்.

எல்லாரும் சிரித்தார்கள். மழைக்காலத்துக்கு வேண்டிய பெட்டியைக் கோடையில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. கறையானின் சில்லு பெட்டிக்குள் போனது.

ஐப்பசி வந்தது. வானம் மூடிக்கொண்டு திறக்கவே இல்லை. கயலியின் வளையில் இப்போது இன்னும் கண் திறக்காத இரண்டு புதுக் குட்டிகள். மனசு கேட்காமல் கயலி பாறைக்கு ஏறிப் போனது. பெட்டியின் மேல் ஒரு ஓணான் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

"இந்தக் குளிர்ல இங்க என்ன பண்றீங்க?"

"அடுப்புத் திட்டுல படுத்த மாதிரி சுகமா இருக்கும்மா. வெயில் இல்லாட்டியும் இது கொதிச்சுக்கிட்டே இருக்கு."

 தின்ற மின்சாரம்தானே இப்படிச் சூடாகி ஓணானுக்குப் போர்வையாகிறது? கயலி குனிந்து பேட்டரியின் விளக்கைப் பார்த்தது. மின்சாரம் தீரப் போகிறது என்று அது சிவந்து போயிருந்தது.

ஒரே ஓட்டமாகக் கறையான் புற்றுக்குப் போனது. வம்பளக்க வந்த மரங்கொத்தியும் அங்கேதான் இருந்தது.

"உன் சில்லு பட்டினியில சாகப் போகுது. உண்மையைச் சொல்லு, ஏன் இப்படித் தின்னுது?" என்று கேட்டது கயலி.

கறையான் மென்று விழுங்கியது. "ஜெயிக்கணும்னு வேகத்தை ஏத்தி விட்டுட்டேன் அக்கா. சன்னமான கோடு. நிதானமா ஓடினா கொஞ்சம்தான் தின்னும். தலைதெறிக்க ஓடவிட்டதால அந்த மிச்சமெல்லாம் போச்சு."

"அப்ப வேகத்தைக் குறை."

"குறைச்சா இவரோடது மாதிரி மெதுவாயிடும். காடே சிரிக்கும்."

"பந்தயம் எப்பவோ முடிஞ்சுபோச்சு தம்பி. ஆறு உன்கூடப் போட்டி போடல. என் பிள்ளைங்க இன்னும் கண்ணு திறக்கல."

கறையான் தலையைத் தொங்கப் போட்டது. மரங்கொத்தி கழுத்தைச் சொறிந்துகொண்டே அதன் பக்கம் வந்தது.

"நான் சிரிக்க மாட்டேன்டா. அதை எடுத்துட்டு என் சில்லை வைங்கன்னு சொல்ல வாய் வருது. ஆனா என் கோடு தடிமன். இதே நிதானத்துல ஓடினாலும் உன்னோடதைவிடக் கூடத்தான் தின்னும், நானே போட்டுப் பார்த்துட்டேன். வா, தூக்கிட்டுப் போறேன்."

"விழுங்கிடாதீங்க அண்ணே," என்றது கறையான்.

பலகாரமாகப் போக வேண்டியதை அலகில் பதமாகக் கவ்விக்கொண்டு மரங்கொத்தி பாறைக்குப் பறந்தது. கறையான் உள்ளே புகுந்து வேகத்தை இறக்கியது. பெட்டி ஆறிப்போனது. ஓணான் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வேறு இடம் தேடிப் போனது. விளக்கு சிவப்பாகவே இருந்தது, ஆனால் அணையவில்லை.

அன்று மாலை மலையில் மழை கொட்டியது. சில்லு ஆற அமரத்தான் கணக்குப் போட்டது. அப்படியும் ஆறு கரையேறுவதற்கு நல்ல நேரம் முன்னதாகவே சங்கு ஊதியது. கயலி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. இரண்டாவதைப் பாறையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கரையும் இல்லை, வளையும் இல்லை. சங்கின் குரல் இழுத்து இழுத்து ஓய்ந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆறிப்போன பெட்டியின் பக்கத்தில் குட்டிகளை அணைத்துக்கொண்டு கயலி வாய்விட்டு அழுதது. இந்த முறை அது சந்தோஷத்தில் வந்த அழுகை.

அடுத்த பந்தயத்தைக் கரடியார் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே நடத்தினார்.

பந்தயத்தில் ஜெயிக்கிற வேகத்தைவிட, பஞ்சத்தில் தாங்குகிற சிக்கனமே உயிரைக் காக்கும்.