நம்பிப் போனதும் பார்த்துத் திரும்பியதும்

கடல் ஊருக்கு இத்தனை கிட்ட வராத அந்தக் காலத்தில், முத்தந்துறை நாட்டை வேலங்கோ என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான்.

அவன் சபையில் விச்சாதரன் என்றொரு தருக்கப் புலவர். வாதத்தில் அவரை வென்றவர் இல்லை. சில மாதங்களாக ராஜா துறையோரத்துப் புத்த விகாரத்துக்குப் போய், சங்கபாலர் என்ற பிக்குவிடம் அறம் கேட்டுவந்தான். அது புலவருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் பிக்குவைச் சபைக்கு வரவழைத்தார்.

“அடிகளே, நற்காட்சி என்கிறீர்களே, அது என்ன?”

“துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது தீரும், தீர வழியும் உண்டு. செய்வதற்கு விளைவு உண்டு. இதை உள்ளபடி காண்பதே நற்காட்சி.”

“முழுவதையும் கண்டுவிட்டீரோ?”

“கொஞ்சம் கண்டேன். மீதிக்குப் புத்தர் சொல்லில் நம்பிக்கை வைத்து நடக்கிறேன்.”

புலவர் கைதட்டிச் சிரித்தார். “கேட்டீர்களா மன்னா! கண்டவனுக்கு நம்பிக்கை எதற்கு? நம்புகிறவன் காணாதவன்தானே? ஒன்று நற்காட்சி பொய், இல்லை நம்பிக்கை பொய்!”

பிக்கு பதிலைத் தொடங்குவதற்குள் ராஜா எழுந்துவிட்டான். “மூன்று நாளில் யாராவது இந்த முடிச்சை அவிழ்க்கவேண்டும். இல்லாவிட்டால் விகாரம் யானைக் கொட்டில் ஆகும்!”

ஊர் பதறியது. காய்ச்சல்காரர்களும் போக்கிடம் இல்லாதவர்களுமாக நாற்பது பேர் அந்த விகாரத்தில் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், நாகத்தி என்ற படகோட்டியின் கணவன். நாகத்தி முப்பது வருடமாகத் துறைமுகத்தில் சுக்கான் பிடிப்பவள். மறுநாளே அவள் சபைக்கு வந்து நின்றாள்.

“ராசாவே, பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை இங்கே சொல்லமுடியாது. நாளைக் காலையில் நீங்களும் புலவரும் என் படகில் ஏறவேண்டும்.”

“படகோட்டி தருக்கம் பேசப்போகிறாளாம்!” என்றார் புலவர். ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். ஒத்துக்கொண்டான்.

காலையில் கடல் நன்றாக ஏறியிருந்தது. முகத்துவாரம் முழுக்க ஒரே நீலம். நாலு பேர் துடுப்புப் போட, நாகத்தி சுக்கானைப் பிடித்துப் படகை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டினாள்.

புலவருக்குப் பொறுக்கவில்லை. “நேரே போனால் என்ன?”

“அடியில் பாறை இருக்கிறது ஐயா.”

“எங்கே? என் கண்ணுக்குத் தெரியவில்லையே! காணாததை நான் நம்புவதில்லை.”

“சரி. நீங்களே நேராக ஓட்டுங்கள்” என்று சுக்கானை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

புலவர் பிடித்தார். படகு நாலு முழம் போயிருக்கும், அவர் கை சுக்கானை விட்டுவிட்டது. “துடுப்பை நிறுத்துங்கள்!” என்று அலறினார்.

“ஏன் ஐயா?”

“ஒருவேளை... பாறை இருந்துவிட்டால்?”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். “புலவரே, உம் வாய் நம்பவில்லை, கை நம்பிவிட்டதே! அம்மா, நீயே பிடி.”

“ராசாவே, நீங்களும் பாறையைப் பார்க்கவில்லை. என்னை எப்படி நம்பினீர்கள்?”

“உன் படகு ஒன்றுகூட உடைந்ததில்லை என்று துறையே சொல்கிறது. வரும் முன் விசாரித்துவிட்டேன்.”

“அப்படியானால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை” என்றாள். பாறைகளைத் தாண்டி, முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டாள்.

மத்தியானம் தாண்டியதும் நீர் வற்றத் தொடங்கியது. முதலில் ஒரு கறுப்பு முனை தெரிந்தது. பிறகு பத்து, இருபது. முகத்துவாரம் எங்கும் பல் பல்லாகப் பாறைகள். நடுவே பாம்பு போல வளைந்து ஒரே ஒரு நீர்ப்பாதை. புலவர் நேராக ஓட்டப் பார்த்த இடத்தில் வீடளவு பாறை ஒன்று நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ராசாவே, இப்போது சுக்கானை நீங்கள் பிடியுங்கள்.”

“நானா?”

“பாதைதான் தெரிகிறதே!”

ராஜா பிடித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். ஒரு வளைவு, இரண்டு வளைவு, ஏழு வளைவு. படகு ஒரு கீறலும் இல்லாமல் துறைக்குள் நுழைந்தது. கரையில் கூடியிருந்த கூட்டம் கடல் அதிர ஆரவாரம் செய்தது. ராஜா குழந்தை போலக் குதித்து இறங்கினான்.

“அவிழ்ந்தது முடிச்சு!” என்று கத்தினான். “போகும்போது நம்பினேன், அதனால்தான் பார்க்கும் இடம்வரை உயிரோடு போனேன். பார்த்தபின் நானே ஓட்டினேன். நம்பிக்கை படகில் ஏற்றுகிறது, காட்சி கரை சேர்க்கிறது. இரண்டில் எது பொய் புலவரே?”

புலவர் தலை தொங்கியது. “மன்னா, தெரியாததை இல்லை என்று சொன்னேன். அதுவும் காணாமல் நம்பியதுதான்” என்றார். அவர் வாழ்நாளில் ஒத்துக்கொண்ட முதல் தோல்வி அது. விகாரத்து நோயாளிகளுக்கு ஒரு வருடம் கஞ்சி ஊற்றும்படி ராஜா அவரை அனுப்பினான். நாகத்திக்குத் தன் தோளிலிருந்த பட்டைப் போர்த்தி, துறைமுகத்துக்கே அவளைத் தலைவி ஆக்கினான்.

அடுத்த பௌர்ணமியன்று ராஜா விகாரத்துக்கு நடந்தே போனான்.

“நம்பி வந்தீர்களா, கண்டு வந்தீர்களா?” என்று சங்கபாலர் கேட்டார்.

“கொஞ்சம் நம்பினேன், கொஞ்சம் கண்டேன் அடிகளே. மீதியை நடந்து பார்க்க வந்திருக்கிறேன்” என்று சொல்லி, ராஜா தரையில் உட்கார்ந்தான்.