மணி அடிச்ச பிறகும் ஒரு ரவுண்டு

கதை சொல்றேன், கடைசில கேள்வி கேப்பேன். நடுவுல எந்திரிச்சு டீ குடிக்கப் போறவங்களுக்கு விடை கிடையாது.

லூர்துராஜுக்கு இப்ப மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குது. ஆனா கண்ணை மூடுனா போதும், பெரம்பூர் ரயில்வே கிரவுண்டு வந்து நிக்கும். விடியக்காலம், பனி, ஈர மண்ணு வாசனை, பக்கத்துல மருதப்பன். ரெண்டு பேரும் பத்தாயிரம் மீட்டர் ஓடுறவங்க. ரவுண்டு எண்ணுறது மருதப்பன் வேலை. ஓட ஆரம்பிச்சா லூர்துக்குத் தன் பேரே மறந்துரும்.

மருதப்பன் எண்ணுறதுல கில்லாடி, சொல்றதுலதான் பொய். ஓட்டம் முடிஞ்ச பிறகும், "மாமே, இன்னும் ரெண்டு இருக்கு!"ம்பான். லூர்து நாக்குத் தள்ள ஓடிட்டு வந்து பார்த்தா, இவன் ஷூவைக் கழட்டிட்டு வேர்க்கடலை தின்னுட்டிருப்பான். ஆனா ஒண்ணு, ரேஸ்னு வந்துட்டா மருதப்பன் நின்னதே கிடையாது. ஒருவாட்டி நாய் டவுசரைக் கவ்வுச்சு. நாயையும் இழுத்துக்கிட்டே ஓடுனான்.

அப்புறம் வந்துச்சு, பல நாடு சேர்ந்த பெரிய போட்டி. வயசைப் பார்த்தா ரெண்டு பேருக்கும் அதான் கடைசி வாய்ப்பு. தங்கம் வாங்குனா நம்ம கொடி நடுவுல ஏறும், நம்ம பாட்டு போடுவாங்க. ரூம்ல கட்டில் மேல ஏறி நின்னு அதுக்கு ஒத்திகையே பார்த்தாங்க.

ரேஸ்ல லூர்து முன்னாடி, அடுத்து மருதப்பன், அவன் முதுகை ஒட்டி நேபாளத்து குருங். மத்தவங்க ரொம்பப் பின்னால. டங்குனு மணி அடிச்சுது. கடைசி ரவுண்டுக்கு அடிக்கிற மணி. லூர்து பிச்சுக்கிட்டுப் பறந்தான்.

"டேய், மணி தப்புடா! இன்னும் ரெண்டு இருக்கு!"ன்னு மருதப்பன் கத்துனான்.

"போடா, அந்த வேலையெல்லாம் பெரம்பூரோட போச்சு!"

நிஜமாவே மணி அடிச்சவர்தான் கணக்கைக் கோட்டை விட்டிருந்தாரு. லூர்து இருந்த தெம்பையெல்லாம் கொட்டி முடிச்சு, டிராக்குலயே மல்லாந்து விழுந்தான். மருதப்பன் வந்தான்.

"எந்திரிடா, இன்னும் ஒண்ணு இருக்கு!"

லூர்து படுத்த வாக்குலயே சிரிச்சான். தொட்டுத் தூக்குனா ரெண்டு பேரையும் ரேஸை விட்டே தூக்கிருவாங்க. மருதப்பன் தொடல. நின்னான். இடுப்புல கை வச்சுக்கிட்டு, வாயே திறக்காம, தலைமாட்டுல நின்னான்.

குருங் ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தான். நிக்காம போயிட்டான்.

லூர்துக்குச் சிரிப்பு நின்னுச்சு. எந்திரிச்சான். ரெண்டு பேரும் ஓடுனாங்க. தங்கம் குருங்குக்கு. கோட்டுக்கு நாலடி முன்னால லூர்து மருதப்பனை முந்தி, வெள்ளியைத் தட்டிட்டான். நேபாளத்துப் பாட்டு போட்டாங்க.

இப்ப சொல்லுங்க. நிக்காம போன குருங், தங்கத்தை விட்டுட்டு நின்ன மருதப்பன், எழுப்பிவிட்டவனையே முந்துன லூர்து. இதுல யார் செஞ்சது சரி?

விடை: குருங் மேல குத்தமில்ல. ஓட வந்தான், ஓடுனான். மருதப்பன் நின்னதைத் தியாகம்னு பேப்பர்ல எழுதுனாங்க. லூர்து ஒத்துக்க மாட்டான். வருசக்கணக்கா பொய் சொல்லித் தன் பேச்சைத் தானே கெடுத்துக்கிட்டவன் மருதப்பன். வாயை நம்பாதவனுக்குக் காலாலதான் சொல்லணும், அதனால நின்னதுதான் சரி. அப்ப லூர்து முந்துனது? அதுவும் சரிதான். ரேஸுக்குத்தானே எழுப்புனான், பாவம் பார்க்கவா எழுப்புனான்? வெள்ளியை மட்டும் விட்டுக் குடுத்திருந்தா, மருதப்பன் இன்னைக்கு வரைக்கும் அவன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டான்.