பாட்டிலில் இருந்த லேபிள்

ஒரகடம் பக்கம் அடுக்குமாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டைக் காலி தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வைக்கச் சொன்னவர் மேனேஜர் தணிகாசலம். தாகத்தில் ஒரு பாட்டிலை எடுத்துக் குடித்த கொத்தனார் இருதயராஜ், தொண்டை வெந்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

விசாரணைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வந்த அன்று, சம்பவத்தை நேரில் பார்த்த சித்தாள் குப்பம்மாளை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

“பாட்டில்ல லேபிள் இருந்துச்சு, பயிற்சியும் கொடுத்தாங்கன்னு சொல்லு. அவன்தான் பார்க்காம குடிச்சிட்டான். மாத்திப் பேசினே, உனக்கு இங்க வேலை இல்ல.”

“சரிங்க சார்.”

அதிகாரி கேட்டபோது மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

“அந்தப் பாட்டில்ல லேபிள் இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சுங்கய்யா.”

மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார்.

“என்ன போட்டிருந்துச்சு?”

“‘சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்’னு போட்டிருந்துச்சுங்க. இருதயராஜ் அண்ணன் அதைப் பார்த்துட்டுத்தான் குடிச்சாரு.”

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். “ஆசிட்டை எப்படிக் கையாளணும்னு பயிற்சி ஏதாவது கொடுத்தாங்களா?”

“பயிற்சி கொடுத்தாங்கய்யா. இன்னிக்குக் காலையிலதான், மேனேஜர் சாரே கொடுத்தாரு. நீங்க கேட்டா என்ன சொல்லணும்னு.”

மேனேஜர் வாயைத் திறந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

மேனேஜர் மேல் வழக்குப் பதிவானது. குப்பம்மாளுக்கு வேலை போனது. அவள் அங்கிருந்து நேராக இருதயராஜின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணன் மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க அண்ணி,” என்றாள்.