விழுவதற்குச் சம்பளம்

கருங்காலிக்கோட்டை என்று ஒரு ராஜ்யம். இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் இருப்பவர் ‘நூறு’ என்று வாழ்த்தலாம். அவ்வளவு பெரிய ராஜ்யம்! அதை ஆண்டவர் பூபதிராயர். ஜம்பத்துக்குக் குறைவில்லை, கஜானாவில்தான் குறை.

அந்தக் குறைக்குக் காரணம் எட்டு வயது இளவரசன் அழகிரி. பையன் தளவாய் மாடக்கண்ணுவின் சிலம்பக்கூடத்தில் கம்பு பழகினான். மாதம் நூறு வராகன் கட்டணம். ஆறு மாதமாக ஒருமுறைகூடத் தோற்கவில்லை. பன்னிரண்டு தடியர்களை ஒரே மூச்சில் சாய்க்கிறான் என்று தளவாய் வாரம் தவறாமல் சபையில் சொல்வார். ராஜாவுக்குப் பெருமை தாங்காது. மாதக் கடைசியில் தலைவலியும் தாங்காது.

ஒருநாள் ராஜா தம் சபை விகடர் சாத்தப்பரைக் கூப்பிட்டார்.

“சாத்தப்பரே, மலிவாக ஒரு சிலம்பக்கூடம் பாரும். ஆனால் என் பிள்ளையை யாரும் அடிக்கக்கூடாது. அவன் யாரிடமும் தோற்கவும் கூடாது. மூன்று நாள் தவணை.”

தளவாய் துள்ளி எழுந்தார். “முடியாவிட்டால் இவர் மீசையை இந்தச் சபையிலேயே மழிக்க வேண்டும், மகாராஜா!”

“ஆகட்டும்” என்றார் ராஜா. செலவில்லாத தண்டனை என்றால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

சாத்தப்பர் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். மனிதருக்கு இருந்த ஒரே சொத்து அந்த மீசை. முப்பது வருஷம் விளக்கெண்ணெய் ஊற்றி வளர்த்தது. பெண்டாட்டி பெயரை மறந்தாலும் மீசையை முறுக்க மறக்க மாட்டார். தளவாய்க்கும் மீசை உண்டுதான். இதன் பக்கத்தில் வைத்தால் அது எறும்பு வரிசை. வயிற்றெரிச்சல் அங்கேதான்.

சாத்தப்பர் நேரே தளவாயின் கூடத்துக்குப் போனார். அங்கே அழகிரி கம்பைத் தூக்கினான். தூக்கினதுதான் தாமதம், பன்னிரண்டு தடியர்களும் “ஐயோ!” என்று சாய்ந்தார்கள். ஒருவன் மட்டும் இரண்டடி நகர்ந்து, வைக்கோல் கிடந்த இடமாகப் பார்த்து விழுந்தான். சாத்தப்பர் அவனருகே குனிந்தார்.

“அடி பலமோ?”

“கம்பு மேலேயே படலீங்க.”

“பின்னே ஏனய்யா விழுந்தாய்?”

“அதுக்குத்தானே சம்பளம்! மாசம் நாலு வராகன். குமாரர் அசைஞ்சா விழணும். சொல்ற வரைக்கும் எந்திரிக்கப்படாது.”

மறுநாள் காலை, ராணியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சாத்தப்பர் பையனைக் குயவர் தெருவுக்குக் கூட்டிப்போனார். அங்கே வீராயி என்பவள் மண் பிசையும் களத்தில் இருபது பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தாள். கட்டணம் மாதம் ஒரு படி கேழ்வரகு.

“ராஜா வீட்டுப் பிள்ளையம்மா” என்றார் சாத்தப்பர்.

“இருக்கட்டுமே. ராஜா வீட்டுக்கும் ஒரு படிதான். முதல் மாசம் கம்பைத் தொட விடமாட்டேன். விழப் பழகணும். எங்கே தம்பி, விழு பார்ப்போம்.”

அழகிரி திருதிருவென்று விழித்தான். “நானா? மத்தவங்கதானே விழுவாங்க?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கோபத்தில் காலை உதறினான், ஈரமண் வழுக்கிவிட்டது. தொப்பென்று விழுந்தான். தரை இவ்வளவு கெட்டி என்று அதுவரை அவனுக்கு யாருமே சொன்னதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பூவாத்தாள் என்ற குயவர் வீட்டுப் பெண் பக்கத்தில் வந்தாள். “கையை ஊனாதே. தோளை உருட்டிக்கிட்டு விழு, வலிக்காது” என்று விழுந்து காட்டினாள். அவனும் விழுந்தான். அட, வலிக்கவில்லை! இன்னொரு தரம் விழுந்தான். சாயங்காலம் அவனை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவதற்குள் சாத்தப்பருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள். சபையில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தளவாய் தம் பன்னிரண்டு தடியர்களோடு வந்திருந்தார்.

“மகாராஜா! இவர் கூட்டிப்போன இடத்தில் நம் இளவரசர் ஒரே நாளில் நாற்பது முறை விழுந்தாராம்!”

“நாப்பத்தொண்ணு” என்று திருத்தினான் அழகிரி. இன்றும் விடிந்ததும் போய் உருண்டுவிட்டு, தலையெல்லாம் மண்ணோடு வந்திருந்தான்.

ராஜாவுக்கு மீசை துடித்தது. “என் பிள்ளையை அடித்தது யார்?”

“யாரும் அடிக்கவில்லை, மகாராஜா. தரைதான் அடித்தது. அதுவும் அயலூர்த் தரையில்லை, தங்கள் சொந்தத் தரை.”

“தோற்கக்கூடாது என்றேனே?”

“கம்பையே இன்னும் கொடுக்கவில்லை. எதில் தோற்பார்?”

“வாய்ச்சாலம்!” என்று கத்தினார் தளவாய். “இளவரசரின் வீரத்துக்கு இந்தப் பன்னிரண்டு பேருமே சாட்சி!”

அந்த நேரம் பார்த்து, மூக்கில் ஏறியிருந்த மண் தூசியில் அழகிரி தும்மினான்.

தடால்! பன்னிரண்டு பேரும் தரையில்.

‘நூறு’ என்று வாழ்த்த வாயெடுத்த ராஜா சிம்மாசனத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னய்யா ஆச்சு இவர்களுக்கு?”

கிடந்தவர்களில் ஒருவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: “எந்திரிக்கலாமுங்களா?”

சாத்தப்பர் மீசையை முறுக்கினார். “தாங்கள் மாதம் நூறு வராகன் கொடுத்தது இதற்குத்தான், மகாராஜா. அங்கே பன்னிரண்டு பேர் விழ வேண்டும், செலவு ஆகாதா? வீராயியிடம் விழுவது ஒரே ஒருவர். அதனால்தான் மலிவு!”

ராஜா மகனைப் பார்த்தார். “வலிச்சுதாடா?”

“முதல்ல வலிச்சுது. இப்ப இல்ல. நீங்களும் வர்றீங்களாப்பா?”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. குயவர் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்குமான கேழ்வரகும் இனி அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து போகும் என்று உத்தரவு போட்டார். சாத்தப்பருக்கு ஒரு குடம் விளக்கெண்ணெய் பரிசு.

நாவிதர் தலையைச் சொறிந்தார். “மகாராஜா, கத்தியைத் தீட்டிட்டேனுங்களே?”

ராஜா தளவாய் பக்கம் திரும்பினார்.

அன்று சபையில் பதின்மூன்றாவதாக ஒன்று விழுந்தது, சல்லிக்காசு சம்பளம் இல்லாமல்: தளவாயின் மீசை.