எட்டு கிராம்

பெரிய டாக்டர் சாரதாமணியிடம் ஹெப்சி தொழில் கற்க வந்து ஒரு வருஷம். கெட்டிக்காரி. பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

அன்று காலை முகம் சிவக்க அறைக்குள் வந்தாள்.

"அந்த செண்பகவல்லி பொய் சொல்றாங்க மேடம். குழந்தை வேணும்னா பத்து கிலோ குறைச்சுட்டு வாங்கன்னேன். ஆறு மாசம் ஆச்சு. ஒரு கிலோகூடக் குறையல. கேட்டா ஒரு வேளைதான் சாப்பிடுறாங்களாம்!"

"கெடு ஏதோ இருக்குன்னாளே?"

"தை வரைக்கும். அப்புறம் பையனுக்கு வேற பொண்ணு பார்ப்பேன்னு மாமியார் சொல்லிட்டாங்களாம்." ஹெப்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லுங்க மேடம். உடம்பு பெருத்து ஹார்மோன் கெட்டுதா, ஹார்மோன் கெட்டு உடம்பு பெருத்துதா?"

சாரதாமணி எழுந்து வெளியே போனார். ஹெப்சியும் பின்னாலேயே போனாள்.

எடை மெஷின் பக்கத்து ஸ்டூலில் வளையல், கொலுசு, மெட்டி எல்லாம் கிடந்தன. செண்பகவல்லி திரும்பி நின்று, மஞ்சள் கயிற்றை அவசரமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஹெப்சி அதை அப்போதுதான் பார்த்தாள்.

"தீட்டு எப்ப இருந்தும்மா தள்ளிப்போகுது?" என்றார் சாரதாமணி.

"பதினொண்ணாவது படிக்கையில இருந்து."

"அப்ப எடை?"

"நாப்பத்திரண்டு. ஒல்லிக்குச்சின்னு கேலி பண்ணுவாங்க."

ஹெப்சி கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். இன்றைய எடைதான் முதல் வரி. இந்தக் கேள்வி அதில் எங்குமே இல்லை.

"உடம்புல இன்சுலின் கூடிருச்சும்மா. அது கூடினா சினைப்பையில ஆண் ஹார்மோன் கூடும். அது வயித்துல கொழுப்பைச் சேர்க்கும். கொழுப்பு மறுபடி இன்சுலினை ஏத்தும். ஓடுற ராட்டினத்துல இருந்து உன்னைக் குதிக்கச் சொல்லிட்டோம். மாத்திரை தர்றேன், வேகம் குறையட்டும். நாலஞ்சு கிலோ இறங்கினாலே நல்லது. பட்டினி மட்டும் கிடக்காதே. அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிட்டு வா, நான் பேசுறேன்."

"அப்ப என் தப்பு இல்லையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு அவள் ஓவென்று அழுதாள்.

அவள் போனபின் ஹெப்சி மெல்லக் கேட்டாள். "எது முதல்லன்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம்?"

"அந்தத் தாலி எவ்வளவு இருக்கும்?"

"எட்டு கிராம் இருக்கும்."

"நீ குறைக்கச் சொன்னேன்னு அதையும் குறைச்சுக் காட்டினா. இனிமே எதைக் குறைக்கச் சொல்லப் போறே?"