லாரிப் பலகை

கோவில்பட்டியில் எஸ்தர் என்றொரு தச்சு ஆசிரியை இருந்தாள். தங்கள் வீட்டுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அவளிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். அவர்களில் உத்தண்டு அவளைவிட மிகவும் மூத்தவர். பாதி ஆயுளை லாரியில் கழித்தவர்.

அவர் மனைவி சண்முகத்தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி தரையில் படுத்தால் எழ முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு வருவதற்குள் உயரமான கட்டில் ஒன்று வேண்டும். அதைத் தன் கையாலேயே செய்வது என்று உத்தண்டு முடிவுகட்டியிருந்தார்.

ஒரு காலையில் இரண்டு வேங்கைப் பலகைகளோடு வந்தார். ஒன்று மரக்கடையில் புதிதாக அறுத்தது. மற்றது, உடைக்கப் போட்ட அவருடைய லாரியின் பாடியிலிருந்து கழற்றியது.

“டீச்சர், இதுல எது நல்ல மரம்?”

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு அண்ணாச்சி?”

“மனசு பழசுலதான் கிடக்கு. ஆனா புதுசு லட்சணமா இருக்கே.”

ஜன்னலோரம் கிடந்த ஒரு பலகையை எஸ்தர் மேஜைமேல் வைத்தாள்.

“இதுவும் அதே கடையில ஈரத்தோட வாங்கினதுதான். வந்தப்போ நேராத்தான் இருந்துச்சு. மூலையை அமுக்குங்க.”

அமுக்கினார். எதிர்மூலை எம்பியது.

“காயவிட்டு, அப்புறம் இழைச்சு எடுத்தா அருமையான மரம். அதுக்குள்ள மதினி வந்துருவாங்க.”

பிறகு லாரிப் பலகையின் மேல் காந்தத்தை நகர்த்தினாள். ஓரிடத்தில் ‘டக்’கென்று ஒட்டியது. உள்ளே தலை முறிந்த ஆணி. குறடு வைத்துப் பிடுங்கிப் போட்டாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

“இப்ப இழைங்க.”

உத்தண்டு இழைப்புளியைத் தள்ளினார். அழுக்கும் பெயின்ட்டும் சுருள் சுருளாகக் கழன்றன. அடியில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது. மேஜையில் வைத்து நான்கு மூலைகளையும் அமுக்கினார். அசையவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

“இதுல அவளைப் படுக்கவைக்க முடியாது டீச்சர்.”

“ஏன்?”

“அவளுக்கு அந்த வண்டியக் கண்டாலே ஆகாது. மூத்தவ பொறந்தப்போ நான் நாக்பூர்ல கிடந்தேன். அவ அம்மா செத்த அன்னைக்குக் கட்டாக்ல. வீட்டுக்கு வந்து எறங்குனா என்னையப் பாக்க மாட்டா. வண்டியத்தான் பாப்பா. ‘மறுபடி எப்பக் கெளம்புது?’ன்னு கேப்பா. அம்புட்டுத்தான் பேச்சு.”

எஸ்தர் பென்சிலை எடுத்தாள்.

“கட்டிலுக்குக் கால் எவ்வளவு உயரம் வேணும்?”

உத்தண்டு தன் முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். அந்த உயரத்தை அவள் பலகையில் குறித்தாள்.

“இது எந்தப் பலகைன்னு பாத்ததும் கண்டுபிடிச்சிருவா டீச்சர். எப்பக் கெளம்புதுன்னு கேட்டா என்ன சொல்ல?”

எஸ்தர் ரம்பத்தை அவர் கையில் கொடுத்தாள்.

“சக்கரத்தைக் கழட்டிட்டுக் கால் வச்சிட்டேன்னு சொல்லுங்க.”