நாலு கேபிளும் மூன்று மஞ்சள் விளக்கும்

"டீச்சர், நாலு கேபிளையும் செருகிட்டேன். ஒண்ணுதான் வேலை பாக்குது. மத்த மூணும் மஞ்ச லைட்டக் காட்டிட்டு சும்மா உக்காந்திருக்கு."

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றபடியே ஆவுடையப்பன் புகார் சொன்னார்.

அவர் டீச்சர் என்று அழைத்த ஜெயசீலிக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கியவர், கம்பங்கள் எல்லாம் போன பிறகு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வயர் வேலைக்கு வந்தார். மகள் வயதுப் பெண்ணிடம் நோட்டுப் போட்டுப் பாடம் படித்தார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வீம்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

"உக்காருங்கண்ணே. டீ சொல்லட்டா?"

"டீ எங்க இறங்கும்? நாளைக்குக் காலைல புதுக் கட்டடத்துல அவசர வார்டு திறக்காங்க. ஸ்கேன் படமெல்லாம் இங்க இருந்து அங்க இந்த நாலு கேபிள்லதான் போகணும். ஒத்தக் கேபிள்ல அம்புட்டும் போனா, அடிபட்டு வந்தவன் படத்துக்குக் காத்துக் கெடக்கணும்."

அவர் கவலை நியாயமானது. பழைய கட்டடத்தில் ஒரு பெட்டி, புதுக் கட்டடத்தில் ஒரு பெட்டி. சுவிட்ச் என்பார்கள். நடுவில் நாலு கேபிள். செருகிவிட்டால் மட்டும் போதாது. இந்த நாலும் சேர்ந்து ஒன்று என்று இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால், போன செய்தியே திரும்பத் திரும்பச் சுற்றி வருமோ என்று பயந்து, ஒரு கேபிளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடைத்துவிடும். மஞ்சள் விளக்குக்கு அதுதான் அர்த்தம்.

"எதிர்ப்பக்கம் யார் பாக்கிறாங்க?"

ஜெயசீலிக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

ஆவுடையப்பன் ஜன்னலைப் பார்த்தார். "அவன்தான்."

அவன் என்றால் சுடலைமுத்து, டெலிபோன் காலத்துக் கூட்டாளி. ஒருவர் கம்பத்தில் ஏறினால் மற்றவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருவர் வீட்டுக் குழம்பு மற்றவர் டப்பாவில் இருக்கும். வேலை மாறியபோதும் சேர்ந்தேதான் மாறினார்கள். இப்போது ஒன்பது மாதமாகப் பேச்சு இல்லை.

ரொம்பப் பெரிய காரணம். ஆவுடையப்பன் மகள் கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். சுடலைமுத்துவுக்கு மட்டும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவன் என்ன விருந்தாளியா, வீட்டு ஆள்தானே என்று நினைத்துவிட்டார். சுடலைமுத்து வரவில்லை. பந்தி நடக்கும்போது மூன்று தரம் எழுந்து போய் வாசலைப் பார்த்ததை ஆவுடையப்பன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அதே மகளுக்கு வளைகாப்பு. அழைக்க வேண்டியவர்கள் பட்டியல் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் சுடலைமுத்துவின் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தார்.

"அந்தப் பக்கம் எப்படி வச்சிருக்கார்னு கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? என் பக்கம் சரியா இருக்கு. நாலு தரம் பாத்துட்டேன். தப்பு அங்கதான்."

"சரி, உங்க பக்கத்த வாசிங்க."

மடிக்கணினியைத் திறந்து வாசித்தார். "பாஸிவ்."

"அப்படின்னா?"

"எதிர்ப்பக்கம் கூப்பிட்டா பதில் சொல்லும். தானாக் கூப்பிடாது."

"ஆக்டிவ்னு போட்டா?"

"தானே முதல்ல கூப்பிடும்." சற்று நிறுத்திவிட்டு, "எது வேணா வச்சுக்கலாம்னு வகுப்புல நீங்கதான சொன்னீங்க?" என்றார்.

"சொன்னேன். யாருக்கு எதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கோங்கன்னும் சொன்னேன்."

ஆவுடையப்பன் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

ஜெயசீலி தன் செல்போனை நீட்டினார். கம்ப்யூட்டர் திரை ஒன்றைப் பிடித்த போட்டோ.

"காலைல சுடலைமுத்து அண்ணன் வந்தார். இதே புகார். நாலு தரம் பாத்துட்டேன்னார். இது அவர் பக்கம்."

ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். அங்கேயும் பாஸிவ்.

இரண்டாம் தரம் வாசித்தார். தப்பு கண்டுபிடிக்கத்தான் வாசித்தார். கிடைக்கவில்லை.

"அவனும் சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார், கொஞ்சம் வருத்தமாக.

"ஆமா."

"அப்ப கேபிள்ல ஏதாவது?"

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்த கேபிள். அதுல என்ன குறை வரும்?"

கல்யாணத்துக்குச் சற்று முன், சித்திரை வெயிலில், குழிக்குள் இவர் தள்ளத் தள்ள அந்தக் கோடியில் சுடலைமுத்து இழுத்த கேபிள்தான் அது.

"இப்படியே விட்டா எப்பண்ணே ஒண்ணா சேரும்?"

"எங்க சேரும்? அது கூப்பிடட்டும்னு இது கெடக்கு. இது கூப்பிடட்டும்னு அது கெடக்கு. பத்து வருசமானாலும்..."



சொல்லாமலே டீ வந்தது. யாரும் தொடவில்லை.

"ரெண்டு பக்கமும் மாத்தணுமா டீச்சர்?"

"ஒரு பக்கம் போதும்."

"எந்தப் பக்கம்?"

"எதுவா இருந்தாலும் சரி."

ஆவுடையப்பனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப அவனையே மாத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

"காலைல அவரும் இதையேதான் சொன்னார்."

ஜெயசீலி சிரிக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது, இருவரையும் நினைத்து. மடிக்கணினியை அவர் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தன் டீயை எடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் வெகுநேரம் பாஸிவ் என்ற அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழித்தார். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். ஆக்டிவ்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெட்டி இருந்தது. எழுந்து போய் அதன் முன் நின்றார்.

ஒரு மஞ்சள் விளக்கு பச்சையானது. அடுத்தது. கடைசியும் ஆனது.

"என்ன ஆச்சுண்ணே?"

"பதில் சொல்லிருச்சு டீச்சர்." அவர் திரும்பவில்லை. "கூப்பிட்ட உடனே சொல்லிருச்சு."

"ம்."

"இத்தன நாளும் அங்க காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு."



ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்த பட்டியலை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"நாலும் வந்திருச்சுல்ல, இன்னும் என்ன அவசரம்? டீயக் குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"அவன் வீட்டுக்குக் கிளம்புறதுக்குள்ள வெத்தல வாங்கணும் டீச்சர்."